மூச்சு டீச்சரும் தபால்காரரின் தோளும்

மருத்துவமனையில் எல்லோருக்கும் அவள் மூச்சு டீச்சர். அவளுக்கென்று ஒழுங்கான பெயர் ஒன்று வருகைப் பதிவேட்டில் இருக்கத்தான் செய்தது. அதைச் சொல்லிக் கூப்பிடத்தான் ஆளில்லை.

எக்ஸ்ரே அறைக்குப் பின்னால், முன்பு படுக்கை விரிப்புகளை மடித்து அடுக்கி வைத்திருந்த நீளமான கூடம்தான் அவளுடைய இடம். செவ்வாயும் வெள்ளியும் காலை பத்து மணிக்கு அங்கே பதினான்கு பேர் வருவார்கள். பதினான்கு பாய்தான் கொள்ளும். பதினைந்தாவதைப் போட்டால் கதவு திறக்காது. வருகிற அத்தனை பேரும் வலியில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள். ஊசி, மாத்திரை, இடுப்புப் பட்டை, அக்கம்பக்கத்தார் சொன்ன தைலம் எல்லாம் பார்த்தாகிவிட்டது. "யோகா ஒண்ணுதான் பாக்கி, அதையும் பாத்துடுவோம்" என்று டாக்டரிடம் சீட்டு வாங்கிக்கொண்டு வந்தவர்கள்.

அவளும் ஒரு காலத்தில் வலியோடு படுத்தவள்தான். பத்தொன்பது வருஷம் இதே ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தாள். கட்டிலிலிருந்து சரியப்போன கனத்த உடம்புக்காரர் ஒருவரை ஒற்றை ஆளாய்த் தாங்கிப் பிடித்தாள். அவர் பிழைத்துக்கொண்டார், இவள் முதுகு போயிற்று. நாலு மாதம் வீட்டில் படுக்கை. முதல் மாதம் புருஷன் வெந்நீர்ப் பை வைத்துக் கொடுத்தான். இரண்டாம் மாதம் "இன்னுமா?" என்று கேட்டான். மூன்றாம் மாதம் கேட்பதை நிறுத்திவிட்டான். ஒரு நாள், எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "இதுல ஒண்ணுமே இல்லைன்னுதானே சொல்றாங்க. உனக்கு மட்டும் எங்கேர்ந்து வலிக்குது?"

அதற்குப் பிறகு அவன் வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனான். முதலில் வாரம் ஒரு தடவை வந்தான், அப்புறம் மாதம் ஒரு தடவை, அப்புறம் இல்லை. சண்டை போட்டுப் பிரிந்திருந்தால் நாலு பேரிடம் சொல்லிக்கொள்ள ஒரு கதையாவது மிஞ்சியிருக்கும். இது சொல்ல ஒன்றுமில்லாத பிரிவு. குழாயைச் சரியாக மூடாமல் விட்ட தொட்டி காலியாவது போலக் காலியானது.

முதுகைத் தேற்றிக்கொள்ள யோகா படிக்கப் போனவள், படிப்பை முடித்து, அதையே வேலையாகக் கேட்டு வாங்கிக்கொண்டாள். பதினொரு வருஷம் ஆகிறது. ஒரு வகுப்பைக்கூட அவள் ரத்து செய்ததில்லை.

வகுப்பு ஆரம்பிக்கும் முன் ஒவ்வொருவரும் தங்கள் வலிக்கு ஒரு எண் சொல்ல வேண்டும். வலியே இல்லையென்றால் சைபர், உயிர் போனால் பத்து. சொல்வதை அவள் அப்படியே நோட்டில் எழுதிக்கொள்வாள். ஏன், எப்படி என்று ஒரு வார்த்தை கேட்கமாட்டாள். புருஷன் ஜன்னலோரம் நின்று சொன்ன அந்த ஒரு வாக்கியத்துக்கு அவள் பதினொரு வருஷமாகச் சொல்லிவந்த பதில் அது.

"இன்னைக்கு ஏழு டீச்சர்," என்பாள் கழுத்து பிடித்துக்கொண்ட தையல்காரம்மா. "இல்ல, எட்டாவே போட்டுக்குங்க. நாத்தனார் வந்திருக்கா."

"உக்காந்தா எட்டு, நின்னா ஆறு, படுத்தா நாலு," என்பார் லாரி டிரைவர். "நீங்களே கூட்டி வகுத்துக்குங்க."

வலது தோள் வலி என்று வந்திருந்த ஓய்வுபெற்ற தபால்காரர் மட்டும் என்றைக்கும் ஒரே எண்தான் சொல்வார். "அஞ்சு."

மழையானாலும் அஞ்சு, வெயிலானாலும் அஞ்சு. "உங்க அஞ்சை அச்சடிச்சு வெச்சிருக்கீங்களா?" என்று டிரைவர் கிண்டல் செய்வார். தபால்காரர் சிரித்துக்கொண்டே தன் பாயில் உட்கார்ந்துவிடுவார்.

மனிதர் ஒன்பதரைக்கே வந்துவிடுவார். பாய்களை விரிப்பது, யாருக்கு முட்டிக்குக் கீழே தலையணை, யாருக்கு நாற்காலி, யாருக்குச் சுவரோரம் என்று பிரித்துப் போடுவது எல்லாம் அவர் வேலை. முப்பத்தைந்து வருஷம் கடிதம் பிரித்த கை. ஒரு போர்வைகூட ஆள் மாறிப் போகாது. கடைசிப் பாயையும் நேராக்கிவிட்டு அவளைப் பார்த்து, "சாப்பிட்டீங்களா டீச்சர்?" என்பார். சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் அவள் "ஆச்சு" என்பாள். அந்தக் கேள்வி வாரத்துக்கு இரண்டு முறை வந்தது. மற்ற ஐந்து நாளும் அதைக் கேட்க யாருமில்லை என்பதை அவள் அப்போது யோசித்துப் பார்த்ததில்லை.

அவர் வரத் தொடங்கி இரண்டு வருஷம் ஆகியிருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில், அவள் ரொட்டி வாங்கக் கிளம்பினாள். வழியில் ஒரு தெருவில் யாரோ வீடு காலி செய்துகொண்டிருந்தார்கள். வாசலில் வேன். உள்ளேயிருந்து ஒரு பெரிய இரும்புப் பெட்டி தோளேறி வந்தது. பெட்டிக்குக் கீழே தபால்காரர். வலது தோள். பெட்டியை வேனில் இறக்கிவிட்டு, மாடிப்படியில் இரண்டு இரண்டு படியாகத் தாவி ஏறினார். திரும்பி வந்தபோது அதே தோளில் சுருட்டிய மெத்தை.

வேறு யாராவதாக இருந்தால் அந்த இடத்திலேயே கையும் களவுமாகப் பிடித்திருப்பார்கள். அவள் எதிர்க்கடை நிழலில் நின்று, வேன் நிறைகிற வரைக்கும் பார்த்தாள். வீட்டில் அவளுக்காக யாரும் காத்திருக்கவில்லை. அதனால் நேரம் இருந்தது.

கோபம் மெல்லத்தான் வந்தது. அவளுடைய மேஜை இழுப்பறையில் காத்திருப்போர் பட்டியல் என்று ஒரு தாள் இருந்தது. இருபத்திரண்டு பேர். மேலே முதல் ஆளாக வங்கியில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி. உடம்பு முழுக்க வலி, எல்லாப் பரிசோதனையும் சரியாக இருக்கிறது, வீட்டில் ஒருத்தரும் நம்புவதில்லை. எட்டு மாதத்தில் மூன்று தடவை கதவருகே வந்து, "இடம் காலியாச்சா?" என்று கேட்டுவிட்டுப் போயிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை தபால்காரர் "அஞ்சு" என்றார். அவள் எழுதிக்கொண்டாள். நாலு எண்ணி உள்ளே, ஆறு எண்ணி வெளியே என்று ஒரு மணி நேரம் சொன்னாள். எல்லோரும் போன பிறகு, பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தவரிடம் கேட்டாள்:

"ஞாயித்துக்கிழமை யாருக்கு வீடு மாத்தினீங்க?"

அவர் கை நின்றது. சுருட்டிய பாயைக் குழந்தையைப் போல மார்போடு பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"பாத்துட்டீங்களா?"

"பாத்தேன்."

"வந்தப்ப நெசமாவே வலி டீச்சர். கையத் தூக்கிச் சட்டை போட முடியாது. வீட்டுக்காரி போய்ச் சேந்த மறுமாசம் ஆரம்பிச்சது. ஆறு மாசம் இங்க வந்தேன். ஒரு நாள் காலையில எழுந்து தலை சீவறேன், கை மேல போகுது. வலியே இல்ல. சந்தோஷம்தானே வரணும்? எனக்கு பயம் வந்துடுச்சு."

"என்ன பயம்?"

"வலி போயிட்டா இங்க வர முடியாதே. அதான் அஞ்சுன்னு சொல்லிட்டேன். ரொம்ப ஜாஸ்தியா சொன்னா டாக்டர்கிட்ட அனுப்பிடுவீங்க. கம்மியா சொன்னா வீட்டுக்கு அனுப்பிடுவீங்க. அஞ்சு நடுவுல பத்திரமா இருந்துச்சு."

அவளுக்குச் சிரிப்பு வரவேண்டிய இடம் அது. வரவில்லை.

"வெளிய இருபத்திரண்டு பேர் நிக்கறாங்க. நெசமான வலியோட. ஒரு பொண்ணு எட்டு மாசமா வந்து கேட்டுட்டுப் போறா. நீங்க படுத்திருக்கற பாய் அவளோடது."

தபால்காரர் தலையைக் குனிந்துகொண்டார். வாழ்நாள் முழுக்க அவரவர் பொருளை அவரவரிடம் சேர்த்த மனிதர். இப்போது அடுத்தவருக்கு வந்ததை வைத்துக்கொண்டிருந்தவர். மீதிப் பாய்களையும் சுருட்டிச் சுவரோரம் அடுக்கினார். வாசலில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார்:

"ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. பதிநாலு பேர்கிட்ட எவ்வளவு எவ்வளவுன்னு கேக்கறீங்களே, உங்ககிட்ட யாராவது கேட்டிருக்காங்களா?"

"எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்."

"சரி டீச்சர்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை அந்தப் பாயில் வங்கிப் பெண் வந்து படுத்தாள். "எட்டு" என்றாள். மூச்சு டீச்சர் எழுதிக்கொண்டு அடுத்தவரிடம் நகர்ந்தாள். பின்னாலிருந்து விசும்பல் கேட்டது.

"என்னம்மா, ரொம்ப வலிக்குதா?"

"இல்ல. நான் எட்டுன்னேன். நீங்க எதுவுமே கேக்காம எழுதிட்டீங்க."

"நீ சொன்ன, நான் எழுதினேன். இதுல கேக்க என்ன இருக்கு?"

அந்தப் பெண் இன்னும் பெரிதாக அழுதாள். தையல்காரம்மா தன் பாயிலிருந்தே கையை நீட்டி அவள் முழங்கையைத் தட்டிக்கொடுத்தாள். தான் செய்தது சரிதான் என்று அன்றைக்கு மூச்சு டீச்சருக்குத் தெளிவாகத் தெரிந்தது. அதில் பின்னால் ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை.

ஆனாலும் அன்று காலை ஒன்பதரைக்கு அவள் கூடத்தின் கதவைத் திறந்தபோது பாய்கள் எல்லாம் சுவரோரமே நின்றன. தானே விரித்தாள். தலையணைகளைத் தானே போட்டாள். இரண்டு ஆள் மாறிப்போயிற்று. பத்து மணிக்கு எல்லோரும் வந்தார்கள், வணக்கம் சொன்னார்கள், எண் சொன்னார்கள், மூச்சு விட்டார்கள், போனார்கள். அடுத்த செவ்வாயும் அப்படியே. வீட்டுக்குப் போய்த் தட்டை எடுத்து வைத்தபோது "ஆச்சு" என்று வாய்விட்டுச் சொன்னாள். வெற்று அறையில் தன் குரல் கேட்டு, தட்டை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டாள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை காலை, குளியலறையில் கை தவறி விழுந்த சோப்பை எடுக்கக் குனிந்தாள். நிமிர முடியவில்லை.

பழைய இடத்தில் பழைய வலி. சுவரைப் பிடித்து, கதவைப் பிடித்து, பிறகு பிடிக்க எதுவும் இல்லாமல் தவழ்ந்து முன்னறைக்கு வந்தாள். போன் அலமாரியின் மேல்தட்டில் இருந்தது. துடைப்பத்தால் அதைத் தட்டிக் கீழே விழவைக்க அரை மணி நேரம் ஆனது. கையில் எடுத்த பிறகுதான் யாரைக் கூப்பிடுவது என்ற கேள்வி வந்தது. பட்டியலை மேலிருந்து கீழே தள்ளினாள். ஆஸ்பத்திரி அலுவலகம். மின்சார வேலைக்காரர். மருந்துக்கடை. வகுப்புக்கு வருகிறவர்கள் பதினான்கு பேர். அவர்களைக் கூப்பிட்டு, "எனக்கு முதுகு வலிக்கிறது" என்று எந்த முகத்தோடு சொல்வது? தம்பியைக் கூப்பிட்டாள்.

"அக்கா, மீட்டிங்ல இருக்கேன். அவசரமா?"

"இல்லப்பா, சும்மாதான்."

"அப்புறம் கூப்பிடறேன்கா."

மறுநாள் கூப்பிடத்தான் செய்தான். அதற்குள் அவள் நாற்காலி இருக்கையில் கெண்டைக்கால்களைத் தூக்கிப் போட்டபடி தரையில் படுக்கப் பழகியிருந்தாள். "ஒண்ணுமில்லடா, நல்லா இருக்கேன்," என்றாள். அவனும் அதை நம்பினான்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். அவளுக்கு ஏற்கெனவே வந்து, தெரிந்து, மறந்தும் போயிருந்தது. தரையில் படுத்தபடி தனக்குத் தானே சொல்லிப் பார்த்தாள். நாலு எண்ணி உள்ளே. ஆறு எண்ணி வெளியே. வலியோடு சண்டை போடாதே. வலி வரும் எல்லைக்கு ஒரு விரற்கடை முன்னாலேயே நில். பத்தாவது மூச்சில், "சனியனே, வாயை மூடு" என்று தன்னையே அதட்டினாள்.

மேற்கூரையின் நீர்க்கறையைப் பார்த்துக்கொண்டே கிடந்தபோது அவளுக்கு ஒன்று புரிந்தது. அந்தக் கூடத்தில் வலியைக் குறைத்தது மூச்சு மட்டும் இல்லை. எண்ணிக்கையை ஒருவர் சொல்ல, இன்னொருவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக் கிடந்தாரே, அதிலும் பாதி இருந்தது. அந்தப் பாதியை யாரும் தனக்குத் தானே கொடுத்துக்கொள்ள முடியாது. இரும்புப் பெட்டியைத் தூக்குகிற தோளோடு ஒன்றரை வருஷம் ஒருவர் பொய் சொல்லி வந்து படுத்தது இதற்குத்தான்.

செவ்வாய்க்கிழமை வகுப்பு ரத்தானது. பதினொரு வருஷத்தில் முதல் தடவை. குமாஸ்தா போனில், "உடம்பப் பாத்துக்குங்க டீச்சர். லீவு லெட்டர் மட்டும் மறக்காம அனுப்பிடுங்க," என்றார். காய்ந்த ரொட்டி, தண்ணீர், மாத்திரை என்று நாட்கள் போயின. புதன்கிழமை எழுந்து நின்றாள்.

வெள்ளிக்கிழமை வகுப்பில் தையல்காரம்மா, "ஊருக்கெல்லாம் முதுகு நிமித்தற டீச்சருக்கே முதுகு பிடிச்சுக்கிச்சா!" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். வங்கிப் பெண் மட்டும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "இன்னைக்கு உக்காந்தே சொல்லுங்க," என்றாள். அன்றைக்கே மூச்சு டீச்சர் அலுவலகத்துக்குப் போய், பாய் விரிக்க உதவிக்கு ஓர் ஆள் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். ஊதியம் கேட்காத ஆளாக இருந்தால் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள்.

தபால்காரரின் முகவரி அவளிடம் இருந்தது. போனாள். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு அம்மாள், "காலையில அவரைப் பூங்காவுலதான் பிடிக்கணும்," என்றாள்.

பூங்காவில் பச்சைத் தொப்பி போட்ட பத்துப் பதினைந்து பேர் வரிசையாகக் கை வீசி நடந்துகொண்டிருந்தார்கள். வரிசையின் முன்னால், அதே தொப்பியில், வாயில் விசிலோடு தபால்காரர். அவளைப் பார்த்ததும் விசில் வாயிலிருந்து நழுவி மார்பில் தொங்கியது.

"டீச்சர்!"

தொப்பியில் எழுதியிருந்ததை அவள் படித்தாள். சர்க்கரை நோயாளிகள் நடைக் குழு.

"உங்களுக்குச் சர்க்கரையா?"

அவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எனக்கெங்க சர்க்கரை? யாராவது கேட்டா நூத்தி நாப்பதுன்னு சொல்லிடுவேன்."

அவள் சிரித்தாள். சிரிப்பு முதுகில் போய் இடித்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவரும் சிரித்தார்.

"இங்கயும் யாரோ ஒருத்தர் இடத்தைப் பிடிச்சுக்கிட்டீங்களே."

"பூங்கா பெருசு டீச்சர். எத்தனை பேரு வேணாலும் நடக்கலாம்."

அவள் வந்த விஷயத்தைச் சொன்னாள். வலி வேண்டாம், எண் வேண்டாம், பாய் விரிக்க வந்தால் போதும் என்றாள். ஆபீஸில் சம்மதம் வாங்கியாயிற்று என்றும் சொன்னாள். அவர் தொப்பியைக் கழற்றி உள்ளே எதையோ தேடுவது போலப் பார்த்தார்.

"வேணாம் டீச்சர். அங்க நான் பொய் சொல்லி மாட்டிக்கிட்டவன். இங்க இன்னும் மாட்டிக்காதவன். இது கொஞ்சம் வசதியா இருக்கு."

"அவங்களுக்கெல்லாம் தெரியாது. நான் யார்கிட்டயும் சொல்லல."

"உங்களுக்குத் தெரியுமே," என்றார். கோபம் இல்லாமல் சொன்னார். அதனால்தான் அதற்கு மேல் அவளால் கேட்க முடியவில்லை.

"முதுகு எப்படி இருக்கு? தையல்காரம்மாவைக் கடையில பாத்தேன், சொன்னாங்க."

"பரவாயில்ல."

"நீங்களும் எங்கயாவது போய்ச் சேந்துடுங்க. நீங்க சொல்ற இடமா இருக்கக் கூடாது. யாராவது சொல்லி நீங்க கேக்கற இடமா பாருங்க."

வரிசையிலிருந்து யாரோ, "தலைவரே, உடம்பு ஆறிப்போகுது!" என்று கத்தினார்கள். அவர் தொப்பியை மாட்டிக்கொண்டு, கையைத் தூக்கி அவளுக்கு விடை சொல்லிவிட்டு, விசிலை ஊதினார். அவர்கள் வளைவைத் தாண்டி மரங்களுக்குள் போகும்வரை அவள் நின்றாள்.

ஊரின் மறுகோடியில், நூலகத்துக்கு மேல்மாடியில், ஞாயிறு மாலை நாலு மணிக்கு ஒரு யோகா வகுப்பு நடப்பதாக விளம்பரத் தாளில் பார்த்தாள். இரண்டு பேருந்து மாறிப் போகவேண்டும். ஆஸ்பத்திரிக்கு வருகிற யாரும் அவ்வளவு தூரம் வரமாட்டார்கள். அதையும் கணக்குப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தாள். விண்ணப்பத்தில் தொழில் என்ற இடத்தில் 'வீட்டில்' என்று எழுதினாள். முன்பு யோகா செய்தது உண்டா என்ற இடத்தில் பேனா கொஞ்ச நேரம் நின்றது. 'இல்லை' என்று எழுதினாள்.

சொல்லிக்கொடுப்பவள் இருபத்தைந்து வயதுப் பெண். "முதல் தடவையா வர்றீங்களாம்மா? பயப்படாதீங்க, முடிஞ்சதை மட்டும் செய்யுங்க," என்றாள். மூச்சை ரொம்ப வேகமாக எண்ணினாள். மூன்றாவது வரிசையில் ஒரு கிழவருக்கு அவள் சொன்ன திருப்பம் அவர் இடுப்புக்கு ஆகாது. மூச்சு டீச்சர் நாக்கைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தாள். வகுப்பு முடிந்ததும் கிழவரைப் படிக்கட்டில் நிறுத்தி, "அந்தத் திருப்பத்தை மட்டும் விட்டுடுங்க, எங்க வீட்டுல ஒருத்தருக்கு அதுல பிடிச்சுக்கிச்சு," என்று இன்னொரு பொய் சொல்லவேண்டியிருந்தது.

கடைசியில் எல்லோரையும் மல்லாந்து படுக்கச் சொன்னாள் அந்தப் பெண். பாய்களுக்கு நடுவே நடந்து வந்தவள், இவளருகே குனிந்து, ஒரு போர்வையை மடித்து முழங்காலுக்குக் கீழே வைத்தாள். பிறகு இரண்டு கையாலும் தலையை மெல்லத் தூக்கி, கழுத்தை நீட்டிவிட்டு, திரும்பத் தரையில் வைத்தாள். மொத்தம் பத்து நொடி இருக்கும். தன் கைகள் இத்தனை வருஷம் எத்தனையோ பேர் தலையை இப்படித் தூக்கி வைத்திருக்கின்றன. தன் தலையை ஒருவர் கடைசியாகத் தொட்டது எப்போது என்று யோசித்தாள். ஞாபகம் வரவில்லை. மூடிய கண்ணின் ஓரமாகத் தண்ணீர் வழிந்து காதுக்குள் போயிற்று. துடைத்தால் தெரிந்துவிடும் என்று அப்படியே கிடந்தாள்.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிறுகூட அவள் தவறவிடவில்லை. இரண்டாம் மாதம் அந்தப் பெண் எல்லோர் முன்னாலும் சொன்னாள்: "இந்த அம்மாவைப் பாருங்க, எவ்வளவு சீக்கிரம் பிடிச்சுக்கிட்டாங்க!" இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். மூச்சு டீச்சருக்கு முகம் சூடாயிற்று. பள்ளிக்கூடத்துப் பிள்ளை போலச் சிரித்துவைத்தாள்.

வகுப்பு முடிந்தால் மற்றவர்கள் ஜோடி ஜோடியாகப் பேசிக்கொண்டே படியிறங்கிப் போவார்கள். அவளோடு பேச இன்னும் யாரும் பழகவில்லை. பழகினால் கேள்வி வரும், கேள்வி வந்தால் பொய் கூடும் என்று அவளும் ஒதுங்கியே இருந்தாள். கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கி, நிறுத்தத்தில் கடைசி இருக்கையில் உட்காருவாள். முதல் பேருந்து வர இருபது நிமிடம் ஆகும். பெரும்பாலும் அவள் ஒருத்திதான் இருப்பாள்.